நகராத கடிகாரமும் பன்னிரண்டு கைகளும்

உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் ஒரு பழைய கைதி. 1949 ஆகஸ்ட் 8 அன்று, கல்யாண் ராணுவ முகாமாக இருந்த இடத்தில் ஒரு புது ஊருக்குக் கல் நாட்டிப் பெயரும் சூட்டிய கவர்னர் ஜெனரல் ராஜாஜி, 1921 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வேலூர் ஜெயிலுக்குப் போனவர். உள்ளே இருந்த மூன்று மாதமும் நாட்குறிப்பு எழுதினார். பிறகு அது புத்தகமாகவும் வந்தது. வெளியே எத்தனையோ வேலைகள் இருந்த மனிதருக்கு உள்ளே நாளைத் தேதி போட்டு எழுதிவைப்பதே ஒரு வேலையானது. சிறைக்குப் போன தலைவர்கள் பலர் இதைத்தான் செய்திருக்கிறார்கள். ஜெயிலில் முதலில் கைநழுவிப் போவது நேரம்.

யுத்தகாலச் சிப்பாய்கள் தங்கிய பேரக்குகளில்தான் சிந்து அகதிகள் வந்து குடியேறினார்கள். இன்றைக்கும் இங்கே விலாசம் சொல்பவர்கள் கேம்ப் நம்பரில் ஆரம்பித்து பேரக் நம்பரில் முடிப்பார்கள். இந்தப் பக்கம் கல்யாணில் ஆதார்வாடி ஜெயில். ரயிலேறினால் தாணேயில் பழைய கோட்டைக்குள் மத்திய சிறை. இன்னும் போனால் ஆர்தர் ரோடு. இத்தனை மதில்களைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய்வருகிறோம். ஆனாலும் உள்ளே வாழ்க்கை எப்படி என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா காட்டியதுதான்.

சினிமா நிறையவே காட்டியிருக்கிறது. வரிக்கோடு போட்ட சட்டை, அலுமினியத் தட்டு, கம்பிக்குப் பின்னால் கதாநாயகன், முறைக்கும் வார்டர், சாப்பாட்டு வரிசையில் ஒரு சண்டை. இவற்றைச் சேர்த்தால் ஜெயில் காட்சி தயார். ஜெயில் படம் ஆகாது. அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவற்றை நாம் மறந்துவிட்டோம். ஒரு சில மட்டும் ஐம்பது அறுபது வருடம் கழித்தும் நம்மை உட்கார வைக்கின்றன. அதற்கு நடிப்பு, இசை, வசனம் என்று எல்லாப் படத்துக்கும் சொல்லும் காரணங்களையே சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஜெயில் படத்துக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது, அது நம் மூளை நேரத்தை அளக்கும் விதத்தோடு சம்பந்தப்பட்டது.

1962 ஜூலை 16 அன்று மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பாதாளக் குகைக்குள் இறங்கினார். கையில் கடிகாரம் இல்லை, சூரிய வெளிச்சம் இல்லை. தூக்கம் வந்தால் தூங்குவது, பசித்தால் சாப்பிடுவது. விழிக்கும்போதும் தூங்கப்போகும்போதும் மேலே இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் மணி என்ன என்று சொல்லக்கூடாது. செப்டம்பர் 14 அன்று அவரை மேலே வரச் சொன்னபோது, தன் கணக்குப்படி அன்றைக்கு ஆகஸ்ட் 20 என்று நம்பிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் அவருடைய கணக்கில் காணாமல் போயிருந்தது. நொடிக்கு ஒன்று வீதம் 120 வரை எண்ணச் சொன்னபோது, எண்ணி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

இதற்கு உளவியலாளர்கள் தரும் விளக்கம் சுவையானது. நேரம் போவதை நாம் இரண்டு வழியில் உணர்கிறோம். ஒன்று, நடந்துகொண்டிருக்கும்போதே கவனிப்பது. வேறு எதிலும் கவனம் போக வழியில்லாமல் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது இழுத்துக்கொண்டே போகும். தாதரில் நின்றுபோன லோக்கலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று, பின்னால் திரும்பிப் பார்த்து, எத்தனை புது நினைவுகள் சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்து ஊகிப்பது. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் நினைவில் தனித்தனியாகப் பதிய எதுவுமில்லை, அதனால் மாதங்கள் சுருங்கிப்போகும். சிறையில் இரண்டும் ஒன்றாக நடக்கிறது. ஒரு பகல் நகரவே மாட்டேன் என்கிறது. பத்து வருடம் எங்கே போனதென்றே தெரிவதில்லை.

ஜெயில் படம் எடுக்கும் இயக்குநர் இந்த இரண்டையும் இரண்டரை மணி நேரத்துக்குள் நம் உடம்பில் ஏற்ற வேண்டும். நாளின் நீளமும் தெரிய வேண்டும், வருடங்களின் சுருக்கமும் தெரிய வேண்டும். நாள்காட்டித் தாள் படபடவென்று பறப்பதைக் காட்டினால் கதை நகரும், அவ்வளவுதான். நேரத்தின் கனம் அதில் வராது.

பிரான்சில் ழாக் பெக்கர் 1960இல் எடுத்த 'லெ த்ரூ' படத்தில் ஒரு காட்சி. செல்லுக்குள் கைதிகள் தரையை உடைக்கிறார்கள். வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் ஓடுகிறது கேமரா. கையில் ஓர் இரும்புத்துண்டு. சிமென்ட் தரையில் ஓங்கி ஓங்கி அடி. ஒருவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார். முதலில் வெறும் கீறல், பிறகு தூள், பிறகு சில்லு, பிறகுதான் கல் பெயர்கிறது. பின்னணி இசை கிடையாது. பார்க்கும் நமக்குத் தோள் வலிக்கிறது. 1947இல் பாரிஸின் லா சாந்தே சிறையில் உண்மையாகவே நடந்த தப்பிக்கும் முயற்சி இது. அதில் பங்கெடுத்த ஒருவரே படத்திலும் நடித்திருக்கிறார்.

பிறர் கை செய்யும் வேலையைப் பார்க்கும்போது, அதே வேலையை நாம் செய்தால் இயங்கும் மூளைப்பகுதிகளில் சிலவும் விழித்துக்கொள்கின்றன. 1990களில் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் குரங்குகளின் மூளையில் இப்படிப்பட்ட நரம்பணுக்களைக் கண்டார்கள். மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு வேலை செய்கிறது, பிறர் துன்பம் நமக்கு உறைப்பதெல்லாம் இதனால்தானா என்பது பற்றி விவாதம் ஓயவில்லை. 'கண்ணாடி நரம்பணு' என்று சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிடத் துடிப்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் கையின் வேலையை வெட்டாமல் நின்று காட்டினால் பார்ப்பவன் உடம்பு ஒத்துழைக்கிறது என்பது திரையரங்கில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

காதும் அப்படித்தான். சுவரைத் தாண்டிக் கண் போகாத இடத்தில் காதுதான் உலகத்தைக் கொண்டுவருகிறது. ரொபேர் ப்ரெஸ்ஸோன் 1956இல் எடுத்த படத்தில், நாஜிகளின் பிடியில் லியோன் நகரத்து மோன்லுக் கோட்டைச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவன், ஸ்பூனைத் தீட்டிக் கதவுப் பலகையைச் சுரண்டுகிறான். காவலன் படியேறும்போது சாவி கைப்பிடிக் கம்பியில் தட்டும் ஓசை, தூரத்து ரயில், எங்கோ துப்பாக்கி. முகம் காட்டாத காவலனை நாம் ஓசையாலேயே அடையாளம் காணப் பழகிவிடுகிறோம். கைதி தப்பித்துவிட்டான் என்று படத்தின் பெயரே சொல்லிவிடுகிறது. அப்படியும் கடைசி வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முடிவு தெரிந்தும் ஏன் இந்தப் பதற்றம்? ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் ஒரு சோதனை செய்தார். நன்றாகத் தெரிந்த வரலாற்று உண்மைகளைக்கூட, 'நடக்குமா நடக்காதா' என்ற தொனியில் ஒரு சின்னக் கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டுக் கேட்டால், மக்கள் பதில் சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது, வெளியே நமக்குத் தெரிந்தது உடனே உதவிக்கு வருவதில்லை. கமல்ஹாசனின் 'மகாநதி'யை எத்தனையாவது தடவை பார்த்தாலும் அந்தக் குடும்பத்தை யாராவது காப்பாற்றிவிட மாட்டார்களா என்று தவிக்கிறோமே, அது இதனால்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவின் மிகச்சிறந்த ஜெயில் படம் எது என்று என்னைக் கேட்டால், மதில்சுவரே அதிகம் இல்லாத ஒரு படத்தைச் சொல்வேன். 1957இல் வி. சாந்தாராம் எடுத்த 'தோ ஆங்கேன் பாரா ஹாத்'. பரேலில் ராஜ்கமல் கலாமந்திர் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். ஆதிநாத் என்ற ஜெயில் அதிகாரி, கொலைக்குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கும் ஆறு பேரைப் பொறுப்பேற்று வெளியே அழைத்துப் போகிறார். பொட்டல் நிலம். வேலி இல்லை, விலங்கு இல்லை. அந்த ஆறு பேரும் மண்ணைக் கொத்திக் காய்கறி விளைவிக்கிறார்கள்.

இது கற்பனையில் முளைத்த கதை அன்று. இன்றைய சாங்லி மாவட்டத்தில் ஆட்பாடி பக்கம், அன்றைய அவுந்த் சமஸ்தானத்தில், 1930களின் கடைசியில் உண்மையாகவே இப்படி ஒரு சோதனை நடந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மாரிஸ் ஃபிரைட்மன் என்ற போலந்து நாட்டு எஞ்சினியர். காந்தியின் ஆட்களோடும் திருவண்ணாமலை ரமணரோடும் பழகியவர். பின்னாளில் இதே மும்பையில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜின் உரையாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. சமஸ்தான ராஜாவிடம் கைதிகளைக் கேட்டு வாங்கி, காவலில்லாத நிலத்தில் குடியேற்றினார். அந்தக் குடியிருப்பின் பெயர் சுதந்திரபூர். படத்துக்குக் கதை எழுதிய க. தி. மாட்கூள்கர் அதே ஆட்பாடிப் பகுதிக்காரர்.

படத்தில் என்னை விடாமல் பிடித்திருக்கும் இடம் சந்தைக் காட்சி. விளைந்த காய்கறியைக் கைதிகள் நியாய விலைக்கு விற்கிறார்கள். வியாபாரிகளுக்குப் பொறுக்கவில்லை, ஆளை விட்டு அடிக்கிறார்கள். ஒரே அடியில் ஆளைச் சாய்க்கக்கூடிய அந்தப் பன்னிரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. கை ஓங்குவதில்லை என்று ஆதிநாத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மதிலும் கம்பியும் செய்கிற வேலையை இங்கே ஒரு வாக்கு செய்கிறது. திருப்பி அடித்துவிட்டால் எல்லாம் போச்சு. நமக்கோ ஒரு அடியாவது திருப்பிக் கொடுக்க மாட்டானா என்று கை துறுதுறுக்கிறது. அந்த நொடியில் சிறைக்குள் இருப்பது நாம்தான்.

தலைப்பில் வரும் இரண்டு கண்கள் ஆதிநாத்தினுடையவை. துப்பாக்கிக்கு அஞ்சாதவர்கள் அந்தக் கண்களுக்கு அஞ்சுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரெமி பெந்தம் என்ற ஆங்கிலேயர் வரைந்த சிறைத் திட்டமும் கண்ணை நம்பியதுதான். நடுவே கோபுரம், சுற்றிலும் செல்கள். தன்னைப் பார்க்கிறார்களா இல்லையா என்று கைதிக்குத் தெரியவே கூடாது. 2006இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஒரு குறும்பான சோதனை செய்தார்கள். ஊழியர்கள் டீ, பால் எடுத்துக்கொண்டு தாங்களே உண்டியலில் காசு போடும் இடத்தில், ஒரு வாரம் பூப்படம், ஒரு வாரம் கண் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாந்தாராம் ஆய்வுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பெந்தமின் கண் சந்தேகப்படும் கண். ஆதிநாத்தின் கண் நம்பும் கண். நம்பியவனை ஏமாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் படமே.

கிளைமாக்ஸில் எருதோடு மோதும் காட்சியில் சாந்தாராமுக்கு உண்மையாகவே கண்ணில் அடிபட்டது. படத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஜனாதிபதியின் தங்கப் பதக்கமும், 1958 பெர்லின் விழாவில் வெள்ளிக்கரடியும் கிடைத்தன. பரத் வியாஸ் எழுதி, வசந்த் தேசாய் இசையமைத்து, லதா மங்கேஷ்கர் பாடிய படத்தின் பிரார்த்தனைப் பாட்டை மும்பைப் பள்ளிக்கூடங்களில் படித்த நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இதே கதை 1975இல் தமிழுக்கு வந்தது: 'பல்லாண்டு வாழ்க'. கே. சங்கர் இயக்கம், கே. வி. மகாதேவன் இசை, ஜெயில் அதிகாரியாக எம்.ஜி.ஆர். ஆறு கைதிகளுக்கு ஆள் பிடித்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நம்பியார், பி. எஸ். வீரப்பா, ஆர். எஸ். மனோகர் என்று காலமெல்லாம் அவரிடம் அடிவாங்கிய வில்லன்களையே பிடித்துப் போட்டார்கள், கூடவே வி. கே. ராமசாமி, தேங்காய் சீனிவாசன், குண்டுமணி. கொட்டகையில் விசில் பறந்திருக்கும். பாட்டுகள் இன்றைக்கும் கேட்கின்றன. நல்ல எம்.ஜி.ஆர். படம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஜெயில் படமாக அது நிற்கவில்லை. காரணம் எளிது. எம்.ஜி.ஆர். தோற்க மாட்டார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். நம்பியார் திருந்துவார் என்பதும் தெரியும். ஆதிநாத் ஒவ்வொரு இரவும் ஆறு கொலைகாரர்களோடு படுத்தெழும்போது நமக்கு வருகிற பயம் இங்கே வரவில்லை. முடிவு தெரிந்தும் பதற வைப்பவர் ப்ரெஸ்ஸோன் என்று மேலே சொன்னேனே, அங்கே நாயகனுக்குக் கவசம் எதுவும் இல்லை. நட்சத்திரம் என்பது ஒரு கவசம். அதைக் கழற்றாமல் ஜெயிலுக்குள் நுழைய முடியாது.

கமல்ஹாசன் 'மகாநதி'யில் கழற்றினார். 1994 பொங்கலுக்கு வந்த படம், சந்தானபாரதி இயக்கம். திருநாகேஸ்வரத்துக் கிருஷ்ணசாமி சீட்டுக்கம்பெனி மோசடியில் மாட்டிக்கொண்டு சென்னை மத்திய சிறைக்குப் போகிறார். உள்ளே பஞ்சாபகேசன் என்ற வயதான சக கைதி, அவராக பூர்ணம் விஸ்வநாதன், பொறுமையாக இரு, நன்னடத்தை காட்டு, சீக்கிரம் வெளியே போகலாம் என்று பாடம் சொல்கிறார். உள்ளே நேரம் தேங்கி நிற்கிறது. அதே நேரத்தில் வெளியே அது வெள்ளமாக ஓடுகிறது. மாமியார் போகிறார், மகன் தொலைகிறான், மகள் கல்கத்தா வரை இழுத்துச் செல்லப்படுகிறாள். பொறுமை காத்த ஒவ்வொரு நாளும் வெளியே ஒரு நாசத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று தெரியும்போது, நல்ல கைதியாக இருந்ததே குற்றமாகிப் போகிறது. குகைக்குள் சிஃப்ர் தொலைத்த மாதம் அவருக்கு ஒரு வேடிக்கை. கிருஷ்ணசாமி தொலைத்த வருடங்களுக்கு விலை இருக்கிறது.

வெற்றிமாறனின் 'விசாரணை' சரியாகப் பார்த்தால் ஜெயில் படமே இல்லை, லாக்கப் படம். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்தது. 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. குண்டூரில் பிடித்து அடைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு, அடிப்பவன் பேசும் தெலுங்கு புரியாது. என்ன கேஸ் என்றே தெரியாமல் அடி வாங்குகிறார்கள். ஜெயிலில் தண்டனைக்கு ஒரு தேதியாவது உண்டு, எண்ணிக்கொண்டிருக்கலாம். லாக்கப்பில் எண்ணுவதற்கு எதுவுமில்லை. தாராவியில் இரவு ரோந்தில் பிடிபட்டு, இந்தியிலும் மராத்தியிலும் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் தேடிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் படத்தை வேறு மாதிரிதான் பார்ப்பார்கள்.

கொடூரத்தைக் காட்டினால் உண்மையாகிவிடும் என்று நினைக்கும் படங்கள் எனக்கு அலுத்துவிட்டன. வில்லத்தனமான ஒரு ஜெயிலரை வைத்து எல்லாப் பழியையும் அவன் தலையில் போடுவது சுலபம். 1971இல் ஃபிலிப் ஸிம்பார்டோ ஸ்டான்ஃபோர்டில் கல்லூரிப் பையன்களை வைத்து நடத்திய போலிச் சிறைச் சோதனை, இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காக்கி மாட்டினால் யாரும் மிருகமாவான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கப்பட்டிருந்தது பின்னால் ஆவணங்களில் தெரியவந்தது. பிபிசி உதவியோடு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் நடத்திய இன்னொரு சோதனையில் கதையே தலைகீழ்: காவலர்கள் தயங்கினார்கள், கைதிகள் ஒன்றுசேர்ந்தார்கள். மனிதர்கள் உடுப்புக்குத் தக்கபடி தானாக மாறிவிடும் பொம்மைகள் அல்ல. ஆகவே வார்டருக்கும் ஒரு வீடும் ஒரு பயமும் இருப்பதைக் காட்டும் படம், அவன் மீசையை முறுக்குவதை மட்டும் காட்டும் படத்தைவிட நீண்ட நாள் நிற்கும்.

இன்னொரு ஆய்வையும் சொல்லாமல் விட முடியாது. உரி ஹாசன் குழுவினர் ஸ்கேன் கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்துப் படம் காட்டி 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஹிட்ச்காக்கின் ஒரு தொலைக்காட்சிக் கதை ஓடும்போது, பார்வையாளர்கள் எல்லோருக்கும் மூளைப் புறணியின் 65 சதவீதத்துக்கு மேல் ஒரே தாளத்தில் இயங்கியது. ஒரு பூங்காவில் வெறுமனே கேமராவை வைத்து எடுத்த காட்சிக்கு 5 சதவீதம்கூட இல்லை. கெட்டிக்கார இயக்குநர் எத்தனை தலைகளையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவார். ஆனால் கட்டிப்போடுவது வேறு, காலத்தில் நிற்பது வேறு. விளம்பரப் படமும் கட்டிப்போடும்.

1994இல் வந்த 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' தியேட்டரில் ஓடவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிறகு வீடியோவிலும், அமெரிக்கக் கேபிள் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டதிலும்தான் அது உலகத்தின் பிரியமான ஜெயில் படமானது. பத்தொன்பது வருடம் சுவரைச் சுரண்டியவனின் கதையை மக்கள் நிதானமாக, தவணை தவணையாகக் கண்டுபிடித்தார்கள்.

'தோ ஆங்கேன் பாரா ஹாத்' ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளைதான், நடுவில் மெதுவாகப் போகும் இடங்கள் உண்டு. அந்த இடங்களில் ஓட்டிவிடாமல் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. படத்துக்கு மூலமான சுதந்திரபூர் குடியிருப்பு மகாராஷ்டிர சிறைத்துறையின் திறந்தவெளிச் சிறையாக நீடித்து வந்திருக்கிறது. அங்கே கைதிகள் தங்கள் குடும்பத்தோடு வாழலாம்.